வெண்புள்ளியை மறைப்பதில் போகும் மாதங்கள்

கேள்வி: எனது இளைய மகளுக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன்பு இடது கண்ணிமை ஓரத்தில் சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றியது. பிறகு இரண்டு கைவிரல்களிலும், சைக்கிளால் விழுந்து காயப்பட்ட முழங்காலிலும், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பிலும் வந்துவிட்டது. நெற்றியில் பொட்டு ஒட்டும் இடமும் இப்போது வெளிறுகிறது. மீனும் தயிரும் சேர்த்துக் கொடுத்ததால் வந்தது என்று மாமியார் சொல்வதால் மீனை நிறுத்திவிட்டோம். பரியாரியார் ஒருவர் தந்த எண்ணெயைப் பூசி வெயிலில் இருந்தபோது கை கொப்புளித்துவிட்டது. கிளினிக்குக்குப் போனால் தெரிந்த ஆட்கள் கண்டுவிடுவார்கள் என்று இதுவரை போகவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கும் பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. துவாயையும் கோப்பையையும் புறம்பாக வைத்திருக்கிறேன். நானும் தைரொயிட் குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவள், அதிகம் அலைய முடியாது. மூத்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் இது மாறுமா? லண்டனில் இருக்கும் தங்கை புதிய கிரீம் ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமா?
— ஒரு தாய், சுன்னாகம்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

துவாயையும் கோப்பையையும் இன்றே மற்றவர்களுடையதோடு சேர்த்து வையுங்கள். உங்கள் மகளுக்கு வந்திருப்பது, நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால், பெரும்பாலும் விட்டிலிகோ எனப்படும் வெண்புள்ளி நோயாகும். அது தொட்டாலோ, ஒரே கோப்பையில் சாப்பிட்டாலோ, ஒரே பாயில் படுத்தாலோ, பின்னாளில் கணவரோடு வாழ்ந்தாலோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. உலகில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்பதையும், அவர்களில் அரைவாசிப் பேருக்கு அது இருபது வயதுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது என்பதையும் பார்க்கையில், உங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை இதே காரணத்துக்காக உள்ளே இருத்தப்பட்டிருந்தால் நான் வியக்கமாட்டேன்.

'பெரும்பாலும்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கடிதத்தை வாசித்து நோயை உறுதிசெய்ய முடியாது. மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலோடு வெளிறும் தேமல் ஒரு வகைப் பூஞ்சையால் வருவது. அதற்குரிய மருந்தும் வேறு. தொழுநோயின் தழும்பும் வெளிறியிருக்கும், ஆனால் பால் போல வெளுக்காது; அந்த இடத்தில் தொட்டுணர்வு குறைந்திருக்கும். டச்சுக்காரர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை அமைத்த காலம் தொட்டு, பின்னர் மட்டக்களப்பின் மாந்தீவு வரை, நோயாளரை ஊரிலிருந்து பிரித்துவைத்த ஒரு நீண்ட வரலாறு எங்களுக்கு இருக்கிறது. இன்று மாத்திரைகளால் முற்றாகக் குணமாகும் அந்த நோயின் மேல் இருந்த அச்சமே, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெண்புள்ளியின் மேலும் ஏறிக்கொண்டது. கிளினிக்கில் இருட்டறையில் 'வூட்ஸ் விளக்கு' எனப்படும் ஊதா நிற ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால், நிறமி முற்றாக இல்லாத இடங்கள் நீலவெண்மையாகத் துலங்கும். சில நிமிடங்களில் முடியும், வலி இல்லாத சோதனை அது.

இனி, நோய் எப்படி வருகிறது என்பதற்கு வருகிறேன். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் நிறமிக் கலங்களை, உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே அந்நியப் பொருளென்று பிழையாகக் கணித்து அழிப்பதுதான் விட்டிலிகோ. நீங்கள் அலைச்சலைப் பற்றிச் சொல்லவந்த இடத்தில், போகிற போக்கில், உங்களுக்குத் தைரொயிட் குறைபாடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என் கண் முதலில் நின்ற வரி அதுதான். தைரொயிட் குறைபாடு பலருக்கு இதே வகையான பிழைக் கணிப்பால்தான் வருகிறது. அங்கே தாக்கப்படுவது சுரப்பி, இங்கே தோலின் நிறமிக் கலம். இந்த நாட்டம் சில குடும்பங்களில் ஓடும். ஆகவே மகளுக்குத் தைரொயிட் தொழிற்பாட்டுக்கான குருதிப் பரிசோதனையையும், கூடவே நீரிழிவுக்கான பரிசோதனையையும் செய்துகொள்வது அவசியம்.

மீனையும் தயிரையும் பற்றிய நம்பிக்கை எங்கள் ஊரில் மட்டுமன்றித் தமிழ்நாட்டிலும் வட இந்தியாவிலும் இருக்கிறது. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஒரு சாப்பாட்டுச் சேர்க்கை நிறமிக் கலத்தைத் தேடிச் சென்று அழிக்காது. மீனையும் பாலையும் கிரந்தி என்று நிறுத்தி, புளிப்பையும் தேசிக்காயையும் கூடாதென்று நிறுத்தி, கடைசியில் சோறும் பருப்புமாக மெலிந்துபோய் வரும் பிள்ளைகளைக் காண்கிறோம். அவர்களின் புள்ளியில் மாற்றம் இராது, இரும்புச்சத்துத்தான் குறைந்திருக்கும். பிள்ளைக்கு மீன் கொடுங்கள். மாமியாரின் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகிறேன்.

நோய் பரவியிருக்கும் இடங்கள் கவனித்துப் பார்க்க வேண்டியவை. முழங்காலில் காயம் ஆறிய இடம், இடுப்பில் நாடா இறுக்கும் கோடு, எண்ணெயால் கொப்புளித்த கை. தோல் அடிபடும், உரசும், எரியும் இடங்களில் புதிய புள்ளிகள் தோன்றுவதை, 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜேர்மன் வைத்தியர் ஒருவரின் பெயரால் 'கோப்னர் விளைவு' என்போம். நோய் இன்னும் அடங்கவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாகவும் கொள்ளப்படுகிறது. நாடாவை விட்டுத் தளர்வான இழுபட்டி வைத்த பாவாடையை அணியட்டும். குளிக்கும்போது பீர்க்கம் நாரால் தேய்க்க வேண்டாம். இறுக்கமான வார் வைத்த செருப்பைத் தவிர்க்கட்டும். பச்சை குத்தும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடட்டும்.

நெற்றியை நான் தனியாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அங்கே காரணம் வேறாகவும் இருக்கலாம். ஒட்டுப்பொட்டின் பசையில் சேரும் பாரா-டேர்ஷரி பியூட்டைல் பீனோல் என்னும் இரசாயனம் நிறமிக் கலங்களுக்கு நஞ்சாகக் கூடியது. இப்படி ஓர் இரசாயனத்தால் தோல் வெளுப்பது 1939இலேயே எழுதப்பட்டுவிட்டது: அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் இறப்பர் கையுறை அணிந்த தொழிலாளரின் கைகள், இறப்பரில் கலந்திருந்த ஹைட்ரோகுயினோன் வகைச் சேர்மம் ஒன்றினால் வெளுத்துப்போயின. 2013இல் ஜப்பானில் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுகள் பல ஆயிரம் பெண்களுக்கு வெண்திட்டுகளை உண்டாக்கியதால் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. எனவே ஒட்டுப்பொட்டை இன்றோடு நிறுத்துங்கள். திருநீறும் சந்தனமும் போதும். பெட்டியில் உள்ளடக்கம் எழுதப்படாமல் விற்கப்படும் 'வைற்றனிங்' கிரீம் எதுவும் வீட்டில் இருந்தால் அதை எறிந்துவிடுங்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசமும் சிலவற்றில் வீரியமான ஸ்டீரொயிட்டும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட விடயம்.

பரியாரியாரின் எண்ணெயை நான் எள்ளி ஒதுக்கப் போவதில்லை. சித்த மருத்துவம் வெண்புள்ளிக்குக் கார்போக அரிசியை நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறது. அந்த விதையில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலைச் சூரிய ஒளிக்குக் கூருணர்வு உடையதாக்கும். நைல் நதிக்கரையில் வளரும் இன்னொரு செடியின் விதைத்தூளை உட்கொண்டு வெயிலில் நிற்பது எகிப்தியரின் பழைய வழக்கம். அதிலிருந்து பிரித்தெடுத்த சோரலனைக் கொண்டு கெய்ரோவின் வைத்தியர் எல் மொப்டி 1940களின் பிற்பகுதியில் வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்து வெளியிட்டதிலிருந்துதான் இன்றைய ஒளிச்சிகிச்சை வளர்ந்தது. ஆகவே வழி பிழையன்று, அளவுதான் பிழைத்தது. எண்ணெயில் எவ்வளவு சோரலன் இருக்கிறது என்பதும், எங்கள் வெயிலில் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதும் யாருக்கும் தெரியாமல் பூசினால் தோல் வேகும். வெந்த தோலில் புதிய புள்ளி எழும். உங்கள் மகளுக்கு நடந்தது அதுவே. அந்த எண்ணெயை இனிப் பூச வேண்டாம்.

சிகிச்சைக்கு வேலைகள் மூன்று: பரவலை நிறுத்துவது, போன நிறத்தை மீட்பது, மீண்டதைத் தக்கவைப்பது. இவற்றில் முதலாவதற்குத்தான் காலம் மிக முக்கியம். ஒன்றரை வருடமாகப் புதிய இடங்கள் தோன்றிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒன்றரை வருடமும், கிளினிக் வாங்கில் யாரும் கண்டுவிடக்கூடாது என்ற எண்ணத்திலேயே கழிந்திருக்கிறது. கண்ணிமையில் ஒற்றைப் புள்ளியாக இருந்தபோது வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கும் என்று நான் உறுதி கூற முடியாது, ஆனால் தப்புவதற்கான வாய்ப்பு இன்றையதை விடக் கூடுதலாக இருந்திருக்கும். இதை உங்களைக் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதவில்லை. மறைப்பது பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறீர்கள். அடங்காத வெண்புள்ளியில் மறைப்பு என்பது நடைமுறையில் வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதாகவே முடிகிறது.

கண்ணிமைக்கும் முகத்துக்கும் பொதுவாக டக்ரோலிமஸ் களிம்பை விரும்புவோம், ஏனெனில் அது தோலை மெலிய வைக்காது. ஸ்டீரொயிட் களிம்புகள் கை, கால், உடலுக்குப் பயனுடையவை. ஆயினும் வைத்தியர் சொன்ன காலத்துக்கு மேல் பூசினால் தோல் மெலிந்து குருதி நாளங்கள் தெரியத் தொடங்கும். இமையில் நீண்டகாலம் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடவும் இடமுண்டு. பார்மசியில் துண்டில்லாமல் வாங்கிய களிம்பை ஆறு மாதம் இமையில் பூசிவிட்டு வருகிறவர்களைப் பார்த்துக் கோபம் வராமல் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. நோய் வேகமாகப் பரவும்போது, வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மட்டும் குறைந்தளவு ஸ்டீரொயிட் மாத்திரையைச் சில மாதங்களுக்குக் கொடுத்துப் பரவலை அடக்கும் முறையொன்று உண்டு. உங்கள் மகளுக்கு அது தேவைப்படலாம். அது முற்றிலும் வைத்தியரின் கண்காணிப்பில் நடக்க வேண்டிய சிகிச்சை.

நிறத்தை மீட்பதில் இன்று முன்னிற்பது, 311 நனோமீற்றர் அலைநீளத்தை அண்டிய குறுகிய பட்டைப் புறஊதாக் கதிர்ச் சிகிச்சை. சோரலன் மாத்திரை குடிக்க வேண்டியதில்லை என்பதால் குமட்டலும் கண்ணுக்கான ஆபத்தும் குறைவு. 1990களின் பிற்பகுதியிலிருந்து இதுவே பழைய முறையின் இடத்தைப் பிடித்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, அடுத்தடுத்த நாட்களில் அல்லாமல் இடைவெளி விட்டு, கருவியின் முன் சில நிமிடங்கள் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் 'ஒன்றும் காணவில்லை' என்று நிறுத்துவது பெரும் பிழை. ஆறு மாதம் செய்து பார்த்துத்தான் பயனை எடைபோட வேண்டும். பலருக்கு ஒரு வருடமும் ஆகும். சுன்னாகத்திலிருந்து வாரத்துக்கு இரு தடவை பஸ் ஏறிப் போய்வருவது எளிதன்று என்பது தெரியும். தொடங்குவதற்கு முன்னரே யார் கூட்டிப் போவது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். மகள் தனியே போய்வரக்கூடிய வயதினர் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறம் திரும்பும்போது, வெண்திட்டின் நடுவே மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் கபிலப் பொட்டுகள் முதலில் எழும்பும். நிறமிக் கலங்களுக்கு மயிர்க்கால் ஒரு நாற்றுமேடை: மேலே தோட்டம் அழிந்தாலும் அங்கே மிஞ்சியவை பெருகி வெளியே பரவும். அதனால்தான் முகம் நன்றாக மீள்கிறது. கழுத்தும் உடலும் ஓரளவுக்கு மீளும். மயிரில்லாத விரல் நுனிகளும் உதடும் பெரும்பாலும் பிடிவாதம் பிடிக்கும். திட்டிலுள்ள மயிரும் நரைத்துவிட்டால் நாற்றுமேடையும் வெறுமையாகிவிட்டது என்று பொருள். மகளின் விரல்களில் எவ்வளவு திரும்பும் என்பதில் நான் உங்களுக்குப் பெரிய நம்பிக்கை தரமாட்டேன். இமையிலும் நெற்றியிலும் நல்ல நம்பிக்கை வைக்கலாம். ஒரு வருடமாவது புதிய புள்ளி தோன்றாமல் நோய் அடங்கியிருந்தால், எஞ்சிய இடங்களுக்கு அவரது தோலிலிருந்தே நிறமிக் கலங்களை எடுத்துப் பதிக்கும் சத்திரசிகிச்சை முறைகளும் உள்ளன. இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம். அடங்காத நோயில் பதியம் செய்தால் பதித்ததும் போகும், எடுத்த இடமும் வெளுக்கும்.

லண்டன் கிரீம் என்று உங்கள் தங்கை சொல்வது பெரும்பாலும் ருக்ஸோலிட்டினிப் ஆக இருக்க வேண்டும். நிறமிக் கலத்தைத் தாக்கும் நிர்ப்பீடனக் கலங்களுக்கிடையே செல்லும் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து அது. அமெரிக்காவில் 2022 யூலையிலும் ஐரோப்பாவில் 2023இலும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரின் வெண்புள்ளிக்கு அனுமதிக்கப்பட்டது. நோயின் காரணத்தையே இலக்கு வைத்துச் செய்யப்பட்டது என்பதால் எங்கள் துறையில் அதற்கு நியாயமான வரவேற்பு உண்டு. ஆயினும் அளவோடு எதிர்பாருங்கள்: ஆறு மாதம் நாளுக்கு இரு தடவை பூசியவர்களில் பத்தில் மூன்று பேருக்குத்தான் முகத்தில் முக்கால் பங்கு முன்னேற்றம் கிடைத்தது, தொடர்ந்து ஒரு வருடம் பூசியபோது அது ஏறத்தாழ அரைவாசிப் பேராக உயர்ந்தது. உடற்பரப்பில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் பூசக்கூடாது. விரல்களோடு சேர்ந்த அவரது உள்ளங்கை அளவை ஒரு வீதமாகக் கொள்ளலாம். விலையும் மிக அதிகம். ஒரு குழாய் பார்சலில் வந்து, அது முடிந்ததும் அடுத்தது வருமோ தெரியாமல் நிற்பதை விட, இங்கே தொடர்ந்து கிடைக்கும் சிகிச்சையைத் தொடங்குவது நல்லது. தங்கை ஒரு வருடத்துக்கு அனுப்பக்கூடியவராக இருந்தாலும், பூச முன்னர் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.

நிறம் மீண்ட பிறகும் வேலை முடிவதில்லை. சிகிச்சையை முற்றாக விட்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் சில இடங்களில் மறுபடி வெளுக்கிறது. மீண்ட இடங்களில் வாரம் இரு தடவை டக்ரோலிமஸ் பூசிவந்தால் அது வெகுவாகக் குறைகிறது. 'நிரந்தரமாகக் குணமாக்குவோம்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்க முன்னர் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றியும் கேட்பீர்கள். வெளுத்த இடத்தில் தோலைக் காக்கும் மெலனின் இல்லை, ஆகவே அது விரைவில் எரியும். காலை பத்திலிருந்து பின்னேரம் மூன்று வரையான வெயிலைத் தவிர்ப்பதும், 30க்கு மேற்பட்ட காப்பெண் உடைய சன்ஸ்கிரீனைப் பூசுவதும், சைக்கிளில் போகும்போது நீளக் கை உடுப்பும் தொப்பியும் அணிவதும் போதும். வீட்டுக்குள் அடைத்துவைப்பதை எந்த வைத்தியரும் கேட்பதில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வது பற்றி: வெண்புள்ளி உள்ள ஒருவரின் உடன்பிறந்தோருக்கோ பிள்ளைகளுக்கோ அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு, ஏழு அளவில்தான் இருக்கிறது, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிலேயே, ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வருவது நான்கில் ஒன்றுக்கும் குறைவு. மூத்த மகளின் திருமணத்துக்கு இது ஒரு தடையே அன்று. அறிவித்தல் போலப் போய்ச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஆனால் தங்கையை அறைக்குள் இருத்திவிட்டு அக்காவின் கல்யாணத்தை நடத்துவதற்கு நான் எதிரானவன். மணவறைக்குப் பக்கத்தில் தோழியாக நிற்க வேண்டியவர் அவர். உங்கள் கடிதத்தில் மாமியாரின் கருத்து இருக்கிறது, உங்கள் தங்கையின் கருத்து இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாரின் வரக்கூடிய கருத்தும் இருக்கிறது. புள்ளி யாருடைய உடலில் இருக்கிறதோ அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. நித்திரை குறைகிறதா, சாப்பாடு மறுக்கிறாரா, பல்கலைக்கழகத்துக்குப் போகமாட்டேன் என்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், ஏனெனில் மனச்சோர்வு இந்த நோயோடு அடிக்கடி கூட வருவது. அதற்கும் உதவி இருக்கிறது.

உங்கள் வைத்தியரிடம் கடிதம் பெற்று, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்கு மகளைக் கூட்டி வாருங்கள். இதுவரை பூசிய எண்ணெய், களிம்பு எல்லாவற்றையும் போத்தலோடு கொண்டு வாருங்கள். முதலில் எடுத்த புகைப்படங்கள் கைத்தொலைபேசியில் இருந்தால் அழிக்க வேண்டாம். எந்த வேகத்தில் பரவுகிறது என்பதை அவை காட்டும். கேள்விகளுக்கு மகளே பதில் சொல்லட்டும்.

தை மாதத்துக்குள் மாறுமா என்று கேட்டீர்கள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இப்போதே தொடங்கினால் அதற்குள் பரவல் நிற்கலாம், இமையில் நிறம் எழும்பத் தொடங்கியிருக்கலாம். கைகள் அப்படியேதான் இருக்கும். அன்று கைகளை மறைக்க மகள் விரும்பினால், தோல் நிறத்துக்கு ஏற்பக் கலந்து பூசும் மறைப்புப் பூச்சுகள் உண்டு. ஒரு வாரத்துக்கு முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒவ்வாமை இல்லையென்று பார்த்துவிட்டுப் பாவியுங்கள். அவர் விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மருதாணி போடுவதென்றால் வீட்டில் அரைத்த இலையை மட்டும் போடுங்கள். கடையில் விற்கும் கறுப்பு மெஹந்தியில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய இரசாயனம் கலந்திருப்பதுண்டு, அது தோலைப் புண்ணாக்கி, ஆறிய இடத்தில் நிறத்தையும் எடுத்துவிடக் கூடியது.